விரைவான சிறு காரும் கையிலுள்ள பணமும்: கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வரலாறு

முன்னுரை

"சார், மூணு மூணரை லட்சத்துக்குள்ள, நல்லா இழுக்கிற சின்ன கார் எது சார் வாங்கலாம்?" மடத்துக்குளத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பழைய மாணவர்கள் பலர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் அல்லன். வரலாறு கற்பித்த ஆசிரியன். ஆனாலும் இந்தக் கேள்விக்கான விடையில் பாதி வரலாற்றில்தான் இருக்கிறது. சந்தையில் நிற்கும் ஒவ்வொரு பழைய காரும், அது செய்யப்பட்ட ஆண்டின் வரி, சட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றைத் தன்னோடு சுமந்து வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாறுவது குறைவு.

இந்தியாவில் ஹேட்ச்பேக் கார்கள் வளர்ந்த கதையைக் கொங்குப் பகுதியின் பங்கோடு சேர்த்து இக்கட்டுரை கூறுகிறது. அந்தக் கதையிலிருந்து, குறைந்த பணத்தில் விரைவான பழைய கார் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்ன கற்கலாம் என்பதையும் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

காரின் பின்புறத்தில், கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கித் திறக்கும் கதவு இருந்தால் அது ஹேட்ச்பேக். தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கி இதில் இல்லை. பின் இருக்கையை மடக்கினால் சாமான் வைக்கும் இடம் பெருகும். ஐரோப்பாவில் 1961இல் வந்த ரெனோ 4 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1974இல் வந்த வோக்ஸ்வேகன் கோல்ஃப் இதை உலகெங்கும் பரப்பியது. 1976இல் அதே கோல்ஃபில் 1600 சி.சி. அளவுள்ள, 110 குதிரைத்திறன் தரும் எஞ்சினைப் பொருத்தி 'ஜி.டி.ஐ.' என்று விற்றனர். அதன் எடை ஏறத்தாழ 810 கிலோ மட்டுமே. குடும்பக் காராகவும் விரைவுக் காராகவும் ஒரே வண்டி இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைக் கற்க வேண்டும். ஒரு கார் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பும் என்பதை எஞ்சினின் குதிரைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. குதிரைத்திறனை வண்டியின் எடையால் வகுக்க வேண்டும். கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கு ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 136 குதிரைத்திறன் வருகிறது. இந்தக் கணக்கைப் பின்னர் நம் ஊர்க் கார்களுக்கும் போட்டுப் பார்ப்போம்.

பொள்ளாச்சி – பழனி சாலை, 1920

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியிடம் இருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளின் மீது ஆசை கொண்டு, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். மோட்டார் தொழில்நுட்பத்தை அவர் அப்படித்தான் கற்றார்.

1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்தப் பாதை உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழியாகச் செல்வது. இன்று அது தேசிய நெடுஞ்சாலை 83இன் தடம். அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததே யு.எம்.எஸ். நிறுவனம். ஆகவே நம் ஊர்ச் சாலையில் மோட்டார் வரலாறு தொடங்குவதே ஒரு பழைய வண்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்த மனிதரிடமிருந்துதான். பழைய வண்டி வாங்குவோர்க்கு முதல் பாடமும் அதுவே: வெளிப்பூச்சைப் பார்க்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.

மாருதி 800 முதல் ஆல்டோ வரை

விடுதலைக்குப் பின் நாற்பது ஆண்டுகள் இந்தியரின் தெரிவு மிகக் குறுகியது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே சாலையில் தெரிந்தன. உற்பத்திக்கு உரிமம், வாங்குவோருக்குக் காத்திருப்பு என்ற காலம் அது.

1981இல் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் அமைந்தது. 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். குதிரைத்திறன் நாற்பதைத் தொடவில்லை. ஆனால் வண்டி இலேசானது. கனமான அம்பாசடரைப் பின்தள்ளி அது ஓடியதற்குக் காரணம் நாம் மேலே கண்ட வகுத்தல் கணக்குத்தான்.

1993இல் கார் உற்பத்திக்கான உரிம முறை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் 993 சி.சி. எஞ்சினோடு மாருதி சென் வந்தது. 50 குதிரைத்திறன், முக்கால் டன் அளவு எடை, டன்னுக்கு 67. அக்கால இளைஞர்களுக்கு அதுவே விரைவுக் கார். 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராகத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் டாட்டா இண்டிகா அறிமுகமாயிற்று. 2000இல் வந்த ஆல்டோவில் 1061 சி.சி. எஞ்சின் பொருத்திய வகையும் இருந்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறனை அந்தச் சிறு உடலில் வைத்ததால் டன்னுக்கு எண்பதைத் தாண்டியது. பெயர் சாதாரணமானது, ஓட்டம் சாதாரணமானதல்ல.

கோயம்புத்தூரின் பந்தயத் தடம்

மாருதி 800 எஞ்சினுக்கு இன்னொரு வாழ்வும் கிடைத்தது. கோயம்புத்தூரின் நூற்பாலைத் தொழில் சார்ந்த குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், அந்த எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அந்த வகையால், பெரும் செல்வம் இல்லாதவரும் பந்தயத் தடத்தில் இறங்க வழி பிறந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த மரபின் நீட்சியாக, பந்தய வீரராக இருந்த ஜெ. ஆனந்தின் கோயம்புத்தூர் நிறுவனமான ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டா மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். டன்னுக்கு ஏறத்தாழ 112. அறிமுக விலை 6.39 லட்சம் ரூபாய். நடுத்தரக் குடும்பத்தின் விலைக்குள் விரைவுக் கார் என்ற எண்ணம் கொங்கு மண்ணில் உருப்பெற்றதற்கு அது சான்று. 2020இல் புதிய மாசு விதி வந்தபோது அதன் உற்பத்தி நின்றது.

1200 சி.சி. என்னும் கோடு

இந்தியாவின் சிறு கார்களை வடிவமைத்தவர்களுள் பொறியாளர்களோடு நிதியமைச்சரையும் சேர்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறு கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறு கார் என்பதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்குள்.

இதன் விளைவைப் பழைய கார்ச் சந்தையில் இன்றும் காணலாம். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ 1196 சி.சி.; ஸ்விஃப்ட் 1197; போலோ 1198; டியாகோ 1199. எல்லாமே கோட்டுக்கு ஓரிரு அங்குலம் இந்தப் பக்கம் நிற்கும் வண்டிகள்! 2005இல் 1298 சி.சி. எஞ்சினோடு வந்த ஸ்விஃப்ட், 2010இல் 1197 சி.சி.க்கு மாறியது. 2001இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர், 100 குதிரைத்திறன் வகை போன்ற பெரிய எஞ்சின் ஹேட்ச்பேக்குகள் அருகின.

கோட்டைத் தாண்டாமல் விரைவைக் கூட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று டர்போ: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து, சிறு எஞ்சினிலேயே கூடுதல் ஆற்றல் பெறுவது. 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 குதிரைத்திறன் தந்தது. 2017இல் வந்த பலேனோ ஆர்.எஸ். 998 சி.சி.யில் 102 குதிரைத்திறன் தந்தது. மற்றொன்று எடைக் குறைப்பு. 2005ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் 87 குதிரைத்திறனுடன் ஒரு டன் அளவு எடை கொண்டது. 2018இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டுக்கு 83 குதிரைத்திறன்தான்; ஆனால் எடை 870 கிலோ அளவு. டன்னுக்கு 95 வருகிறது. எஞ்சினின் ஆற்றல் குறைந்தும் வண்டியின் விரைவு கூடியது.

பாதுகாப்பின் கால வரிசை

எடையைக் குறைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மோதிச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இரண்டு காற்றுப்பை பொருத்திய போலோவோ நான்கு நட்சத்திரம் பெற்றது. 2018இல் மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் இரண்டு நட்சத்திரமும், 2020இல் டியாகோ நான்கு நட்சத்திரமும் பெற்றன.

இதற்கிடையில் விதிகளும் மாறின. புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் மோதல் சோதனை கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். தடை அமைப்பு 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் வந்தது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையிலும், முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2022 தொடக்கத்திலும் கட்டாயமாயின. மாசு விதியில், பி.எஸ். 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும் பி.எஸ். 6 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

இந்தத் தேதிகளைத் தேர்வுக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார் என்றால், விலை குறைந்த வகையாக இருந்தாலும் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் காற்றுப்பையும் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தையது என்றால், அந்தக் குறிப்பிட்ட வண்டியில் அவை உண்டா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பதிவுச் சான்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். பதிவு செய்த தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதிவும் பெயர் மாற்றமும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914இலும், பின் 1939இலும் இயற்றப்பட்டது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டப்படி யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளரையே சேரும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எங்கள் பகுதியில் பனியன் கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர் தன் காரை ஒரு புரோக்கரிடம் விற்றார். பணம் கைக்கு வந்தது. படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். "பேர் மாத்தறத நாங்க பாத்துக்கறோம்" என்ற சொல்லை நம்பினார். ஓராண்டுக்குப் பின் அவர் போகாத ஊரிலிருந்து அபராதச் சீட்டுகள் வந்தன. வாங்கியவரைத் தேடி அலைந்த நாட்களின் கூலி இழப்பே பெரிய தொகை. விபத்து ஏதும் நடக்கவில்லை என்பதே அவருக்கு ஆறுதல்.

விற்பவரும் வாங்குபவரும் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை நிரப்பிப் பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35உடன் கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் உள்ளது. வணிகரிடம் வாங்கினால் அந்த அனுமதியைக் காட்டக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்தபின், அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு வருகின்றன. விலை மலிவாகத் தோன்றும். ஆனால் வெளிமாநில வண்டிக்கு அம்மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் சாலை வரியும் கட்ட வேண்டும். இவற்றைக் கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் டயர், பேட்டரி, பிரேக், காப்பீடு ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும்.

2. நம் சாலையில் விரைவு எதற்குத் தேவை என்று எண்ண வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டரைப் பாதுகாப்பாக முந்தும் அளவு இழுவை போதும். அந்த இழுவையை நல்ல நிலையிலுள்ள சாதாரண 1.2 லிட்டர் காரே தரும்.

3. டர்போ வண்டியை வாங்குவதாயின் பராமரிப்புப் பதிவேடு கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத டர்போ விரைவில் கெடும். உற்பத்தி நின்றுபோன வகைகளுக்கு உதிரிபாகம் உடுமலையிலோ கோயம்புத்தூரிலோ கிடைக்குமா என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

4. ஓடிய கிலோமீட்டர் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் முப்பதாயிரம் என்று காட்டும்போது கிளட்ச் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து வழவழப்பாயிருந்தால் சந்தேகம் கொள்ள வேண்டும்.

5. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயரும் ஒரே வயதா என்று பார்க்க வேண்டும்.

6. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும். முதல் புகையின் நிறமும் முதல் ஓசையும் பல உண்மைகளைச் சொல்லும்.

7. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு பொருந்துகின்றனவா, நிலுவை அபராதம், கடன் உண்டா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்க வேண்டும்.

8. நம்மிடம் கூலி வாங்கும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக் விற்பவரின் ஆள்.

9. புதிய கார் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கியபின் பழையதற்கு முன்பு சொன்ன விலையையே கேட்டால் பேரம் பேச இடமுண்டு.

நிறைவுரை

மாணவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: 2019 ஜூலைக்குப் பின் தயாரான, ஒரே உரிமையாளர் வைத்திருந்த, ரசீதுகள் உள்ள சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பெயர் பெற்ற டர்போ காரின் தேய்ந்துபோன ஒன்றைவிட அது சாலையில் முந்தும், பட்டறையில் நிற்காது. இலேசான வண்டிக்கும் உறுதியான வண்டிக்கும் இடையே தெரிவு வந்தால், குடும்பத்தை ஏற்றிச் செல்பவர் டன் கணக்கில் பத்துக் குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து உறுதியைக் கொள்ளலாம். விரைவுக்கு இன்னொரு பாதியும் உண்டு. அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது. ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்துவதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும்.

நூறாண்டுக்கு முன் இதே சாலையில் பேருந்து ஓட்டியவர், வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்துத்தான் கற்றார். நம்மால் எஞ்சினைக் கழற்ற முடியாது. பதிவுச் சான்றைப் பிரித்துப் படிக்க முடியும்.